வெண்கலச் சர்ப்பமும் சான்றிதழ் பைலும்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நன்றி ஆராதனையைத் தொடர்ந்து நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



செயற்குழு பேசக் கேட்டது ஒருவரைத்தான். ஆனால் பேசப்போவது ஒரு வகுப்பு. 1996 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதிய எங்கள் வகுப்பில் 34 பேர். இந்த உரைக்காக ஒரு மாதமாக எங்களுக்குள் பேசினோம், வாட்ஸ்அப்பில் சண்டையும் பிடித்தோம். அதில் மிஞ்சியவற்றைத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறோம். ஆகையால் 'நாங்கள்' என்றே பேசுகிறோம். எழுதிய கை ஒரு வைத்தியரின் கை என்பதால் வைத்தியசாலை வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு, 'அன்றாடக் கிறிஸ்தவ வாழ்வில் விக்கிரகங்கள்'. இந்தச் சபையில் சைவத் தோழிகளும் இஸ்லாமியத் தோழிகளும் இருக்கிறீர்கள். ஒரே மேசையில் இருந்து ஒரே சாப்பாட்டுப் பெட்டியைப் பகிர்ந்தவர்கள் நாம். எனவே முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இந்த உரை உங்கள் வீட்டுச் சாமி அறையைப் பற்றியது அல்ல. எங்கள் வீட்டு முன்னறையைப் பற்றியது.

எங்களில் பாதிப்பேர் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள், பாதிப்பேர் வெள்ளவத்தைப் பிள்ளைகள். விக்கிரகம் என்ற சொல்லை நாங்கள் கற்றது கொட்டாஞ்சேனையில். அந்த ஊரைத் தெரிந்தவர்களுக்கு ஏன் என்று விளங்கும். கருங்கல்லால் எழும்பிய பொன்னம்பலவாணேசர் கோயில், கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், பெரிய கோபுரத்தோடு லூசியா பேராலயம், மேட்டில் ஒல்லாந்தர் கட்டிய வுல்வெண்டால் ஆலயம் எல்லாமே நடந்து போகக்கூடிய தூரத்தில். ஞாயிறு பாடசாலையில் பத்துக் கட்டளைகளைப் பாடமாக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வரும்போது, எங்கள் கண்கள் இடமும் வலமும் தேடும். புரட்டஸ்தாந்துப் பிள்ளைகள் கத்தோலிக்கப் பிள்ளைகளைப் பார்ப்பார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் சைவப் பிள்ளைகளைப் பார்ப்பார்கள். தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தவர் எவருமில்லை. விக்கிரகம் என்றால் பக்கத்து வீட்டுச் சாமான் என்பதே அன்று எங்கள் இறையியல்.

2019 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தவரும் தங்கள் நோயையும் கடனையும் கண்ணீரையும் கொண்டுபோய் வைக்கும் இடம் அது. யாருடைய வழிபாடு சரி என்று சிறுவயதில் சிரித்ததை நினைத்து அன்று வெட்கப்பட்டோம்.

வுல்வெண்டால் ஆலயத்தை மட்டும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். 1749 இல் கட்டத் தொடங்கி 1757 இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. சீர்திருத்தச் சபையாருடையது என்பதால் அங்கே ஒரு சுரூபமும் கிடையாது. வெள்ளைச் சுவர். ஆனால் உள்ளே இருக்கும் கல்லறைக் கற்களைப் பாருங்கள். குடும்பச் சின்னங்கள், பதவிகள், பட்டங்கள், எல்லாம் கல்லில் ஆழமாகச் செதுக்கியிருக்கும். கோட்டையில் அடக்கம் செய்யப்பட்ட ஒல்லாந்த ஆளுநர்களின் எச்சங்களையும் 1813 இல் அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். கடவுளின் உருவத்தை உள்ளே விடாத கவனம், மனிதரின் பதவி உள்ளே வரும்போது கதவைத் திறந்துவிட்டது. ஒல்லாந்தரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. சுவர் வெறுமையாக இருப்பதால் மாத்திரம் வீடு வெறுமையாகிவிடாது என்பதற்காகச் சொல்கிறோம்.

தற்கால விக்கிரகங்கள் எவை என்று எங்கள் வகுப்பில் கேட்டபோது, உடனே ஒரு பட்டியல் வந்தது. கைப்பேசி. செட்டியார் தெரு நகை. வெள்ளவத்தையில் கடல் தெரியும் தொடர்மாடி. கனடா விசா. சீதனம். எல்லாம் உண்மைதான். சீனாய் மலையடியில் பொன் கன்றுக்குட்டியைச் செய்தபோது ஆரோன் கேட்டதும் மனைவியர், பிள்ளைகளின் காதணிகளைத்தான். இவற்றைப் பற்றி நம் போதகர்களும் குருமாரும் நிறையவே பேசியிருக்கிறார்கள். நாமும் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து சோறு கறி சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறோம். கெட்டது என்று ஏற்கெனவே தெரிந்த ஒன்றை விக்கிரகம் என்று சொல்வது சுலபம்.

நமக்கு நன்மை செய்த ஒன்று விக்கிரகமாகும்போதுதான் கண்டுபிடிப்பது கஷ்டம். அதைப் பற்றி வேதாகமத்தில் ஒரு கதை இருக்கிறது.

எண்ணாகமம் 21 ஆம் அதிகாரம். வனாந்தரத்தில் ஜனங்களைப் பாம்புகள் கடிக்கின்றன. பலர் சாகிறார்கள். கடவுளின் சொற்படி மோசே வெண்கலத்தில் ஒரு சர்ப்பத்தைச் செய்து கம்பத்தில் ஏற்றுகிறார். கடிபட்டவர்கள் அதை நோக்கிப் பார்த்துப் பிழைக்கிறார்கள். கதை அங்கே முடிந்தது என்றுதான் ஞாயிறு பாடசாலையில் நாங்கள் நினைத்தோம். முடியவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து, இரண்டாம் இராஜாக்கள் 18 ஆம் அதிகாரத்தில் அந்தச் சர்ப்பம் திரும்பவும் வருகிறது. அதை யாரும் எறியவில்லை. பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொண்டு திரிந்திருக்கிறார்கள். அதற்குத் தூபமும் காட்டிக்கொண்டிருந்தார்கள். எசேக்கியா அரசர் அதை உடைத்தார். நிகுஸ்தான் என்று பெயரும் வைத்தார். வெறும் வெண்கலத் துண்டு என்று அதற்குப் பொருள் சொல்வார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அது களவாக வந்த சாமான் அல்ல. கடவுளே செய்யச் சொன்னது. உண்மையாகவே உயிர் காத்தது. பிற்காலத்தில் ஆண்டவர் இயேசு தாம் உயர்த்தப்படுவதற்கு அதையே ஒப்பாகச் சொன்னார். அப்படிப்பட்ட ஒன்றுக்கு முன்னால் ஜனங்கள் மெதுவாக, நன்றியோடு, தங்களுக்கே தெரியாமல் முழங்காலில் விழுந்துவிட்டார்கள்.

இலங்கைத் தமிழராகிய நமக்கு, அதிலும் மிஷன் பாடசாலைகளில் படித்த நமக்கு, உயிர் காத்த வெண்கலச் சர்ப்பம் எது?

படிப்பு.

இதைச் சொல்ல எங்களுக்கே நாக்குக் கூசுகிறது, ஏனென்றால் அந்தப் படிப்பினால்தான் இங்கே நிற்கிறோம். அது எப்படி நம்மிடம் வந்தது? 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கினார்கள். 1823 இல் வட்டுக்கோட்டை செமினரி வந்தது. 1824 இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கென்று விடுதியோடு பாடசாலை வந்தது. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலம் அது. மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். 60 க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்தியராக்கினார். கொழும்பில் நம் பாடசாலை போன்ற பாடசாலைகளுக்கும் இதே கனவுதான். இதற்காக நாம் எத்தனை நன்றி ஆராதனை நடத்தினாலும் போதாது.

பிறகு கெட்ட காலங்கள் வந்தன. எழுபதுகளின் ஆரம்பத்தில் தரப்படுத்தல் வந்து பல்கலைக்கழகக் கதவு ஒடுங்கியது. 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. எங்கள் வகுப்பில் பலருக்கு அப்போது ஐந்து, ஆறு வயது. நினைவில் இருப்பது புகை, பாடசாலை மண்டபத்து அகதி முகாம், சரக்குக் கப்பலில் வடக்கே அனுப்பப்பட்ட மாமா, மாமிமார். அந்த நாட்களில் பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு வார்த்தையும் நினைவிருக்கிறது: "வீட்டை எரிக்கலாம், படிப்பை எரிக்க ஏலாது."

அப்படித்தான் நம் வீடுகளுக்குள் அந்தப் பைல் வந்தது. எந்தப் பைல் என்று உங்களுக்குத் தெரியும். பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், சாதாரண தரம், உயர்தரம், பட்டம், எல்லாம் பிளாஸ்ரிக் உறையில் போட்டு, அலுமாரியில் கைக்கு எட்டுகிற தட்டில் இருக்கும். அவசரமென்றால் முதலில் அதைத்தான் தூக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அடுத்த சில மாதங்களில் எங்கள் வகுப்பில் புதிதாக நான்கு பேர் வந்து சேர்ந்தார்கள். கொட்டாஞ்சேனை லொட்ஜ்களிலும் வெள்ளவத்தை உறவினர் வீடுகளிலும் இருந்து வந்தார்கள். மழையில் நடந்து வந்ததில் ஒருத்தியின் சப்பாத்தும் போய்விட்டது. ஆனால் பொலித்தீனில் சுற்றிய பைல் நனையவில்லை. அந்தப் பைலைக் கொண்டுதான் அவள் அடுத்த வருடம் பரீட்சை எழுதினாள். இன்று மெல்பேர்ணில் பொறியியலாளர். அந்தப் பைல் ஒரு உயிரைக் காப்பாற்றியது. எவரும் அதைப் பழிக்க முடியாது.

அந்தப் பைலுக்கு நாம் எப்போது தூபம் காட்டத் தொடங்கினோம் என்பதுதான் இன்றைய கேள்வி.

வைத்தியரிடம் ஒருவர் வந்தால் நாங்கள் கேட்கும் கேள்விகள் எளிமையானவை. எப்போது தொடங்கியது? எதனால் கூடுகிறது? எதை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது? அந்தக் கேள்விகளை நம் வீடுகளிடமே கேட்டுப் பார்ப்போம்.

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்கு இரண்டு வருடம் முன்பே பிள்ளை ஞாயிறு பாடசாலையை விட்டு நின்றுவிடுகிறது. ஞாயிறு காலையில் வகுப்பு. "பரீட்சை முடியட்டும், பிறகு வருவா" என்று சொல்கிறோம். பிறகு சாதாரண தரம் வருகிறது. பிறகு உயர்தரம். பிறகு அந்தப் பிள்ளை வருவதே இல்லை. குடும்ப ஜெபம் முதலில் சுருங்கியது, பின்பு பரீட்சைக் காலத்தில் மட்டும் நீண்டது. அப்போதும் ஜெபத்தில் கடவுளிடம் கேட்பது பெறுபேற்றைத்தான். கடவுள் ஒரு நல்ல ரியூசன் மாஸ்டராக இருந்தால் போதும் என்றாகிவிட்டது. லண்டனில் இருக்கும் தோழிகள் பதினொரு வயது அனுமதிப் பரீட்சை என்கிறார்கள், சிட்னியில் இருப்பவர்கள் செலக்டிவ் பாடசாலைப் பரீட்சை என்கிறார்கள். ஊர் மாறியது, பைல் மாறவில்லை.

பெறுபேறு வந்த அடுத்த ஞாயிறைப் பாருங்கள். ஆராதனை முடிவில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளை முன்னுக்கு அழைக்கிறோம். கை தட்டுகிறோம். அது நல்ல காரியம். ஆனால் அன்றைக்கு எந்தக் கதிரைகள் வெறுமையாக இருந்தன என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? பெறுபேறு சரிவராத பிள்ளையும் அதன் தாயும் அந்த ஞாயிறு வரமாட்டார்கள். தலையிடி என்பார்கள். பாவியும் நோயாளியும் வரலாம் என்று கதவில் எழுதி வைத்த வீட்டுக்குள், மூன்று எஸ் எடுத்த பிள்ளைக்கு வர வெட்கமாக இருக்கிறது. யாருக்கு முன்னால் நாம் மிகவும் வெட்கப்படுகிறோமோ, அங்கேதான் நம் தெய்வம் இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

ஒரு தாய் பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார். தலையில் ஒரு பக்கம் முடியில்லை. பிள்ளை தானே ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வயிற்றுவலி. விளக்கிச் சொன்னோம். தாய் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "விளங்குது டொக்டர். ஆனா பரீட்சை முடியும் வரைக்கும் ஒரு மருந்து தாங்கோ. அதுக்குப் பிறகு என்ன வருத்தம் எண்டு ஆறுதலாப் பாப்பம்." அவர் கொடுமைக்காரத் தாய் அல்ல. பிள்ளைக்காக உயிரையும் கொடுக்கக்கூடியவர். நாங்கள் கோபத்தோடு வீட்டுக்குப் போனோம். போனால் அங்கே எங்கள் பிள்ளை, அதே வயது, மேசையில் தலை வைத்துத் தூங்கிப்போயிருந்தது. பக்கத்தில் கடந்தகால வினாத்தாள். எழுப்பி, முகம் கழுவ வைத்து, மிச்சத்தைச் செய்ய வைத்தோம். செய்து முடித்த பிறகுதான் அந்தத் தாயின் முகம் நினைவுக்கு வந்தது.

வேதாகமத்தில் விக்கிரகங்களைப் பற்றிய பயங்கரமான பகுதி எது? மரத்தையும் கல்லையும் வணங்குவது அல்ல. இன்னோம் பள்ளத்தாக்கில் மோளேகுக்குப் பிள்ளைகளைக் கொடுத்ததுதான். மோரியா மலையில் ஆபிரகாமின் கையைத் தடுத்து, பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவிட்டவர் நம் கடவுள். பிள்ளையைக் கேட்பது எதுவாக இருந்தாலும், அது எவ்வளவு மரியாதையான உடுப்பில் வந்தாலும், அது அவர் அல்ல. பெறுபேறு வெளியாகும் வாரங்களில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்தவர்களுக்கு இது வெறும் உவமை அல்ல. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல விரும்பவில்லை. பின்வரிசைத் தங்கைமாருக்கு மட்டும் ஒன்று சொல்கிறோம். எந்தப் பெறுபேறும் உங்களை விடப் பெரியதல்ல. மனம் தாங்காத நேரத்தில் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு அழையுங்கள். அல்லது இந்த மண்டபத்தில் இருக்கும் எந்த அக்காவையாவது அழையுங்கள். மார்க்ஸ் கேட்கமாட்டோம்.

இனி எங்கள் வகுப்பின் கதை. சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடுதான் சொல்கிறோம்.

எங்கள் 34 பேரில் ஒருத்திக்கு உயர்தரம் சரிவரவில்லை. இரண்டாம் முறையும் சரிவரவில்லை. அதற்குப் பிறகு அவள் பாடசாலைப் பக்கம் வரவில்லை. ஆலயத்துக்கும் வரவில்லை. கனடாவுக்குப் போய்விட்டாள் என்று யாரோ சொன்னார்கள். நாங்களும் நம்பினோம். நம்புவது வசதியாக இருந்தது.

சில வருடங்களுக்கு முன்பு, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் படுக்கையில் இருக்கும் ஒரு வயதான அம்மாவைப் பார்க்கச் சொல்லி அழைப்பு வந்தது. கதவைத் திறந்தது அவள். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. கனடாவும் இல்லை, ஒன்றுமில்லை. இருபது வருடத்துக்கும் மேலாக அங்கேயே இருந்திருக்கிறாள். சாறிச் சட்டை தைத்துக்கொண்டு தாயைப் பார்த்திருக்கிறாள்.

அந்த அம்மா பாரிசவாதத்தில் ஆறு வருடமாகப் படுத்த படுக்கை. புரட்டிப் பார்த்தோம். முதுகு, இடுப்பு, குதிக்கால், எங்கும் ஒரு படுக்கைப்புண் இல்லை. வைத்தியம் தெரிந்தவர்களுக்கு இது என்னவென்று விளங்கும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவும் பகலும், ஒருவர் எழும்பி அந்த உடம்பைத் திருப்பிப் படுக்கவைத்திருக்க வேண்டும். துடைத்திருக்க வேண்டும், காயவிட்டிருக்க வேண்டும். தாதியர் நிறைந்த விடுதிகளிலேயே கஷ்டமான காரியம். ஆறு வருடம் ஒருத்தி தனியாகச் செய்திருக்கிறாள். அதற்கு எங்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை.

"ஏன் ஒரு நாளும் சங்கத்துக்கு வரேல்ல?" என்று கேட்டோம். சிரித்தாள். "வந்து என்னெண்டு எழுதுறது? போமில தொழில், பட்டம் எண்டு ரெண்டு கட்டம் இருக்கு. ரெண்டையும் வெறுமையா விட்டுட்டு எப்பிடித் தாறது? பலகையில பேர் இருக்கிற ஆக்களுக்குத்தானே சங்கம்."

பலகை என்று அவள் சொன்னது இந்த மண்டபத்துச் சுவரில், பொன் எழுத்தில் பெயர்கள் எழுதிய பலகையைத்தான். எங்களில் சிலரின் பெயர்களும் அதில் இருக்கின்றன. ஆலயத்தில் அந்தப் பலகை கிடையாது. ஆனால் அவள் ஆலயத்தை விட்டும் நின்றாளே? அங்கே அந்தப் பலகை நம் கண்களில் இருந்தது, நாம் கேட்ட கேள்விகளில் இருந்தது. "இப்ப என்ன செய்யிறீர் பிள்ளை?" என்று அன்பாகத்தான் கேட்டோம். மூன்று ஞாயிறு பதில் சொன்னாள். நாலாம் ஞாயிறு வரவில்லை.

அவளை வெளியே போ என்று எவரும் சொல்லவில்லை. தூபத்தின் புகை தானாகவே அவளை வெளியேற்றிவிட்டது.

இதை வகுப்புக் குழுவில் எழுதியபோது சண்டை வந்தது என்று சொன்னோமே, அது இதுதான். ஒரு தோழி எழுதினாள்: "சுவரில பட்டம் தொங்குற ஆக்களுக்கு இப்படிப் பேசுறது சுகம். எங்கட சனத்துக்கு நிலமும் இல்லை, அதிகாரமும் இல்லை. படிப்பையும் உடை எண்டு சொன்னா எஞ்சுறது என்ன?" நியாயமான கேள்வி. பலரும் அவள் பக்கம் நின்றார்கள். அவளுக்கு முழுமையான பதில் எங்களிடம் இல்லை. ஆனால் எசேக்கியா வைத்தியத்தைத் தடை செய்யவில்லை என்பதைச் சொன்னோம். அவருக்கே நோய் வந்தபோது, ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்தை அரைத்துக் கட்டச் சொன்னார், கட்டினார்கள். மருந்து மருந்தாகவே இருக்கலாம். தூபம்தான் நிற்க வேண்டும். படிப்பு பிள்ளைக்கு வேலைக்காரனாக இருக்கட்டும். பிள்ளையை அதற்குப் பலியாகக் கொடுக்காதிருப்போம்.

வைத்தியராகிய எங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எங்கள் தொழிற் சின்னத்திலும் கோலைச் சுற்றிய பாம்பு இருக்கிறது. அது கிரேக்கரிடமிருந்து வந்தது என்றாலும் எச்சரிக்கை ஒன்றுதான். "நீங்கதான் டொக்டர் எங்களுக்குத் தெய்வம்" என்று சொல்வார்கள். அப்படியெல்லாம் சொல்லாதீர்கள் என்போம். உள்ளுக்குள் இனிக்கும். 2022 இல் நாட்டில் டொலர் இல்லை, மருந்து இல்லை, பெற்றோல் இல்லை. திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளைப் பிற்போட்டோம். மருந்துச் சீட்டில் எழுதினோம், எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. எத்தனை பட்டம் இருந்தும் என்ன, மருந்தில்லாத வைத்தியர் கம்பத்தில் தொங்கும் வெண்கலம்தான் என்று அந்த மாதங்களில் தெரிந்துகொண்டோம். நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பது மட்டும் சில நாட்களில் மிஞ்சியது. அதை அந்த ஒழுங்கை வீட்டுத் தோழி எங்களுக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தாள்.

டொக்டர் கிறீனைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டோம். அவர் 1884 இல் அமெரிக்காவில் இறந்தார். எத்தனையோ சாதனைகளைக் கல்லறையில் எழுதியிருக்கலாம். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்த நற்செய்தியாளர் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். யாருக்குப் பணி செய்தார் என்பதுதான் அந்தக் கல்லில் இருக்கிறது. வுல்வெண்டால் கற்களோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

முடிவாக, பெரிய சுத்தியல் எதுவும் நாங்கள் கொண்டுவரவில்லை. மூன்று சிறிய காரியங்களை இந்த நூற்றாண்டில் தொடங்கலாம் என்று கேட்கிறோம்.

ஒன்று. பெறுபேற்று ஞாயிறில் ஒன்பது ஏ எடுத்தவர்களை மட்டும் அழைக்காமல், பரீட்சை எழுதிய எல்லாப் பிள்ளைகளையும் ஆலயத்தில் முன்னுக்கு அழைப்போம். அதற்கு முதல் நாள், வரமாட்டாள் என்று நினைக்கும் பிள்ளையின் வீட்டுக்கு ஒருவர் போவோம். பெறுபேறு கேட்கப் போவதல்ல. தேநீர் குடிக்கப் போவது.

இரண்டு. வாரத்தில் ஞாயிறு காலையையாவது பிள்ளைக்குத் திருப்பிக் கொடுப்போம். ஆலயத்துக்கு வரட்டும், பிறகு கடற்கரைக்குப் போகட்டும், தூங்கட்டும். எங்கள் வீட்டில் இதைத் தொடங்கி ஒரு வருடமாகிறது. முதல் ஞாயிறுகளில் நடுங்கியது பிள்ளை அல்ல, நாங்கள்தான். அந்த நடுக்கமே எங்களுக்கு நோயைக் காட்டித் தந்தது.

மூன்று. சங்கத்தின் அங்கத்துவப் படிவத்தில் இருக்கும் அந்த இரண்டு கட்டங்களை எடுத்துவிடும்படி செயற்குழுவை வேண்டுகிறோம். பெயர், படித்த வருடம், முகவரி போதும். நாம் சகோதரிகள் என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி?

எங்கள் வகுப்பு ஏற்கெனவே ஒன்றைச் செய்துவிட்டது. இந்த நூற்றாண்டு மலரில் 1996 ஆம் ஆண்டு வகுப்புக்கு ஒதுக்கிய பக்கத்தில் பெயர்கள் அகரவரிசையில் இருக்கும். பட்டமும் பதவியும் இராது. சண்டை பிடித்த தோழிதான் அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்து தந்தாள். 34 பெயர்களும் இருக்கின்றன.

அந்த அம்மா போன வருடம் அமைதியாகக் காலமானார். எங்கள் தோழி இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறாள். 1996 இற்குப் பிறகு இதுதான் முதல் தடவை. எந்த வரிசையில் என்று சொல்லமாட்டோம். தேநீர் வேளையில் பக்கத்தில் இருப்பவரிடம் என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்காமல், எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். நீங்கள் கேட்பது அவளிடமாகவும் இருக்கலாம்.

கடவுள் நம் பாடசாலையையும், அதில் படித்தவர்களையும், படித்து முடிக்க முடியாமல் போனவர்களையும் ஆசீர்வதிப்பாராக.



1996 ஆம் ஆண்டு உயர்தர வகுப்பின் சார்பில்